ஏழு விநாடி வீடியோவை நம்பி ஏமாந்தோம்: சிறு குழந்தைகளுக்கான நீச்சல் வகுப்பு பற்றி ஓர் எச்சரிக்கை

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு நீச்சல் கற்றுத்தர இடம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு பயிற்சிப் பள்ளியில் 24 வகுப்புகளுக்கு 22,000 ரூபாயும், நீச்சலுடை, கண்ணாடி, கையில் மாட்டும் காற்றுப்பை ஆகியவற்றுக்குத் தனியாக 1,800 ரூபாயும் கட்டினோம். பணம் போனது ஒரு வருத்தம். அந்த வகுப்புகளுக்குப் பிறகு, தண்ணீருக்கு அருகில் என் மகன் முன்பைவிட அதிக ஆபத்தில் இருந்தான் என்பதே பெரிய வருத்தம். புகார் நிலுவையில் இருப்பதால் பள்ளியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் மேசை போட்டு அமர்ந்திருந்தவர்கள், தங்கள் கைப்பேசியில் ஏழு விநாடி நீளமுள்ள ஒரு வீடியோவைக் காட்டினார்கள். ஏறத்தாழ என் மகன் வயதுள்ள ஒரு பெண் குழந்தை, எந்தப் பிடிமானமும் இல்லாமல் நீருக்குள் மூழ்கி முன்னேறி வருகிறாள். "ஆறு மாதத்திலிருந்தே சேர்க்கலாம், அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள்" என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். அந்த மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் தேடிப் படித்தேன். பல குழந்தைகளுக்கு ஒரு வயதிலிருந்தே நீச்சல் வகுப்பு பயன்தரலாம் என்று 2019இல் அது கூறியது மெய். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நடத்தப்படும் வகுப்புகள் மூழ்கும் ஆபத்தைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என்றும், எந்த வகுப்பும் ஒரு குழந்தையை மூழ்கவே முடியாதபடி ஆக்கிவிடாது என்றும், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. முதல் பாதியில் உள்ள ஒரு வயதைத் துண்டறிக்கையில் ஆறு மாதமாக்கிவிட்டு, மறுபாதியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மாதிரி வகுப்பு அருமையாக இருந்தது. பொறுமையான ஒரு பெண் பயிற்சியாளர், மொத்தம் மூன்றே குழந்தைகள், பெற்றோரும் நீரில் இறங்கலாம். பணம் கட்டிய மறுவாரம் அவர் அங்கே இல்லை. "அவர் வேறு கிளைக்குப் போய்விட்டார்" என்றார்கள். நான்கு குழந்தைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்ற வாய்மொழி வாக்குறுதி, இரண்டாம் வகுப்பிலேயே பதினொரு குழந்தைகளுக்கு ஒருவர் என்று ஆயிற்று. பெற்றோர் இருந்தால் குழந்தைகள் அழுகிறார்கள் என்று சொல்லி எங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்கள். ஜனவரி மாதத்துக் காலை ஆறரை மணிக்குத் திறந்தவெளிக் குளத்தில் வகுப்பு. இந்த வயதினருக்கு நீர் 30 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரமே உடல் நடுங்கத் தொடங்கிவிடும். உதடு நீலம் பாரித்து நின்ற குழந்தைகளைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணெரிச்சலைப் பற்றிக் கேட்டபோது, குளோரின் நெடி தூக்கலாக இருந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார்கள். இது தலைகீழ்ப் பாடம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த நெடிக்குக் காரணம்.

45 நிமிட வகுப்பில் என் மகனுக்குப் பயிற்சியாளரின் கை கிடைத்தது நான்கைந்து நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் இரு கைகளிலும் காற்றுப்பையை மாட்டிக்கொண்டு, கழுத்தளவு நீரில் செங்குத்தாக மிதந்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தான். பத்தாவது வகுப்பில் அவனைச் சொல்லாமல் கொள்ளாமல் நீருக்குள் அமுக்கி எடுத்ததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் தலைக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் மாதக் கடைசியில் எங்களுக்கும் ஒரு வீடியோ வந்தது, எங்கள் மகன் நீந்தும் வீடியோ! குடும்பத்தில் எல்லோருக்கும் பெருமையோடு அனுப்பி வைத்தேன்.

அடுத்து வந்த ஒரு விடுமுறையில் கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகில் இருக்கும் என் அப்பாவின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மோட்டாரிலிருந்து தண்ணீர் விழும் நாலடித் தொட்டியைக் கண்டதும், காற்றுப்பை இல்லாமலேயே ஓடிப்போய்க் குதித்துவிட்டான். வகுப்பில் குதித்தபோதெல்லாம் மிதந்தவன், இங்கேயும் மிதப்போம் என்றுதான் நம்பியிருப்பான். கத்தவில்லை, கையை வீசவும் இல்லை. நின்றவாக்கில் சத்தமே இல்லாமல் கீழே போனான். அப்பா இரண்டடி தூரத்தில் இருந்ததால் அந்தக் கணமே தூக்கிவிட்டார். அவன் இருமி அழுது அடங்கிய பிறகு என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, இவனுக்கு நீச்சல் கத்துக் குடுத்தாங்களா, இல்ல தண்ணியில நிக்கக் கத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

அப்பா கிணற்றில் நீச்சல் பழகியவர். அந்தக் காலத்தில் காய்ந்த சுரைப்புருடையை, அதாவது உள்ளீடற்ற சுரைக்காய்க் கூட்டை, முதுகில் கட்டித்தான் இறக்குவார்களாம். முதுகில் கட்டும்போது உடம்பு குப்புற நீளவாக்கில் கிடக்கும். நீந்துவதற்கு வேண்டியதும் அந்தக் கிடைதான். பழகப் பழகப் புருடையைச் சிறிதாக்கி, பிறகு எடுத்தே விடுவார்கள். கையில் மாட்டும் காற்றுப்பையோ தோளைத் தூக்கிப் பிடித்து உடம்பை நிமிர்த்தி நிறுத்துகிறது. அதைக் கழற்றினால், குழந்தை பழகிய அந்த நிலையே அதை மூழ்கடிக்கும் நிலையாகிவிடுகிறது. என் மகனின் 24 வகுப்புகளில் ஒருநாள்கூட அதைக் கழற்றிவிட்டு மல்லாந்து மிதக்கவோ, விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்கவோ, விளிம்பைப் பற்றி ஏறி வரவோ சொல்லித்தரவில்லை. இந்த வயதில் கற்க வேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான். கூடவே, பெரியவர் சொல்லாமல் நீரில் இறங்கக்கூடாது என்ற பழக்கமும்.

அன்றிரவு அந்த வீடியோவை வேகம் குறைத்துப் பார்த்தேன். முதல் விநாடியில், படத்தின் ஓரத்தில், அவனைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் ஒரு கை தெரிகிறது. அவன் முன்னேறுவது அந்தத் தள்ளலின் விசையில்தான். விசை தீரும் இடத்தில் வீடியோவும் முடிந்துவிடுகிறது. எனவே, வீடியோ காட்டி அழைப்பவர்களிடம், வழக்கமான ஒரு வகுப்பை முன்னறிவிப்பின்றி முழுதாகப் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோடு உங்களையும் நீரில் இறங்கச் சொல்கிறார்களா, காற்றுப்பையை எத்தனையாவது வகுப்பில் கழற்றுவார்கள், மாதிரி வகுப்பு எடுத்தவரே தொடர்ந்து எடுப்பாரா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கரையில் நின்று கண்காணிக்க மட்டுமே தனியாக ஓர் ஆள் இல்லாத குளமென்றால் அப்போதே திரும்பிவிடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேர்த்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்துவிட்டு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. பணத்தைப் பள்ளியின் கணக்குக்கு அனுப்பாமல், ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பியிருந்தோம். அந்தத் தவறு இப்போது எங்களை அலைக்கழிக்கிறது. நீங்கள் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடியும் எங்கள் குடியிருப்பு வாசலில் மேசை போட்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு தம்பதியிடம் கைப்பேசியை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நெருங்கிப் போய்ப் பார்த்தேன். திரையில் நீந்திக்கொண்டிருந்தது என் மகன்.