வெயிலில் சுருங்கிய கிளாக்ஸ்: ஒன்றே முக்கால் வருஷ அனுபவம்

2024 மே மாதக் கடைசி வாரத்தை டெல்லியில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 29ஆம் தேதி சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. அதே நாளில் முங்கேஷ்பூரில் 52.9 என்று காட்டி ஊரே அலறியது. அந்தக் கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை பிறகு சொன்னது. எனக்குக் கருவியே தேவைப்படவில்லை. செருப்பு சொல்லிவிட்டது.

முனிர்காவில் நாலு மாடிக்கு மேலே ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டை மாடியில் ஒற்றை அறை. நானும் கோட்டயத்துச் சேச்சி ஒருவரும் இருக்கிறோம், இருவருமே நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் என் கிளாக்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவி, கறுப்புத் தண்ணீர் டேங்கின் மூடிமேல் வைத்துவிட்டுத் தூங்கிப் போனேன். எந்தக் கம்பெனிச் செருப்பு என்பதை விடுங்கள், இந்த வகைக்கே இப்போது கிராக்ஸ் என்றுதான் பெயர். கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய், வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை.

நாலரை மணிக்கு எடுக்கப் போனால் மூடியில் கை வைக்க முடியவில்லை. செருப்பில் நிறம் மங்கவில்லை, உருகவில்லை, ஓட்டைகள் அத்தனையும் அதனதன் இடத்தில். ஆனால் தூரத்தில் இருக்கும் பொருளைப் பார்ப்பது போல எல்லாமே கொஞ்சம் சின்னது. காலை நுழைத்தேன், குதிகால் வெளியே நின்றது.

"மோளே, இது ஏது குட்டிக்கு?" என்றார் சேச்சி.

நாகர்கோவிலுக்குப் போன் போட்டு அம்மாவிடம் புலம்பினால் அங்கே இன்னும் மோசம். "ஏட்டி, வத்தல் போடுற வெயில்ல செருப்பக் காயப் போட்டா அதுவும் வத்தலாத்தான் ஆவும்."

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. இந்தச் செருப்பு ரப்பர் இல்லை, இ.வி.ஏ. எனப்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட் நுரை, அல்லது அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நுரை. உள்ளே லட்சக்கணக்கான மூடிய குமிழிகள், ஒவ்வொன்றிலும் காற்று. அதனால்தான் தக்கை மாதிரி கனமே இல்லை. அச்சைத் திறந்ததும் இந்த நுரை பொரி பொரிவது போல அச்சைவிடப் பெரிதாக உப்பி வரும், ஆறும்போது அந்த அளவில் நிற்கும். மறுபடி 60, 70 டிகிரிக்குப் போனால் குமிழியின் சுவர் இளகுகிறது, உள்ளே இருக்கும் காற்று கசிகிறது, சுவர் சுருங்கிக்கொள்கிறது. வத்தலில் தண்ணீர் போகிறது, இதில் காற்று போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். மே மாத டெல்லியில் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல் அந்தச் சூடு சாதாரணம்.

அதே அளவில் புதுசு ஒன்று வாங்கியே ஆகவேண்டியிருந்தது, டியூட்டிக்கு வேறு வழியில்லை. அதனால் ஒப்பிட ஒரு கணக்குக் கிடைத்தது. புதுசின் உள்பாதம் டேப்பில் 24.8 செ.மீ. சுருங்கியதில் இடது 23.3, வலது 23.7. இடது செருப்பு மாடிச் சுவரை ஒட்டிக் கிடந்தது, அந்தச் சுவரின் அனலும் சேர்ந்து அடித்திருக்க வேண்டும்.

முதலில் தெருமுனை மோச்சியிடம், அதாவது செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். தோல் ஷூவைப் பெரிதாக்க அவரிடம் ஃபர்மா என்று மரக்கட்டை இருக்கிறது. செருப்பை வாங்கி இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "வாபஸ் ஆ ஜாயேகா" என்றார். திரும்பச் சுருங்கிவிடுமாம். வேலை செய்யச் சோம்பல் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பிறகு நானே இறங்கினேன். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றிச் செருப்புக்குள் திணித்து ஃப்ரீசரில் வைத்தேன். அதற்காகச் சேச்சியின் மத்தியை வெளியே எடுத்து, அன்றே அது குழம்பாகவும் ஆனது. தண்ணீர் ஐஸாகும்போது விரியும், உண்மைதான். ஆனால் குளிர்ந்த நுரை இளகாது, அப்போதைக்கு இழுபடும், ஐஸ் கரைந்ததும் பழையபடி ஆகிவிடும். தோலுக்கு வேண்டுமானால் பலிக்கலாம், இதில் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஹேர் டிரையர் இன்னும் மோசம். சூடு ஒரே இடத்தில் குத்துகிறது. வலது செருப்பின் மூக்கில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பளபளப்பு விழுந்தது, அது இன்றைக்கும் போகவில்லை. அடுத்தது கெட்டிலில் கொதித்ததை அப்படியே ஊற்றியது. செருப்பு அவித்த சேப்பங்கிழங்கு மாதிரி தொளதொளத்து, பின்பட்டி முறுக்கிக்கொண்டது. இது முழுக்க என் அவசரம்.

கடைசியில் பலித்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேண்டியது 75, 80 டிகிரித் தண்ணீர். ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர் 42ஓடு நின்றுவிடும் என்பதால் கலவைக் கணக்கில் போனேன்: கொதிக்கிற தண்ணீர் இரண்டு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. டெல்லிக் கோடையில் நண்பகலில் குழாயைத் திறந்தாலே கை சுடும், அதை மட்டும் வைத்தும் பார்த்தேன், நுரை அசையவில்லை. கீசர் தண்ணீரில் இளகிய மாதிரி ஒரு பாவனை காட்டியது, அவ்வளவே.

பக்கெட்டில் போட்டால் செருப்பு மிதக்கும். யாரும் சொல்லாத தொல்லை இதுதான். மிதந்தால் அடிப்பாதம் மட்டும் வேகும், மேல்பக்கம் அப்படியே இருக்கும். நான் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் இஞ்சி நசுக்கும் கல்லை வைத்தேன். மூன்று நிமிடம். எடுத்ததும் உதறி, ஓட்டைகளிலும் உள்ளே இருக்கும் சிறு முள்முள்ளான இடத்திலும் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சுடுவது நுரை அல்ல, இந்தத் தேங்கிய தண்ணீர். இருபது எண்ணிவிட்டு, லாஜ்பத் நகரில் வாங்கிய கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காலை நுழைத்தேன். முதல் அரை நிமிடம் நுரை விட்டுக்கொடுப்பது நன்றாகத் தெரிகிறது. குதிகாலைப் பின்னுக்கு அழுத்தி, விரலை மடக்கி நீட்டி, மாடியில் பத்து நிமிடம் நடந்தேன். அதன்பின் காலை எடுக்காமல் அப்படியே ஐஸ் போட்ட தண்ணீரில் இரண்டு நிமிடம். சூட்டோடு கழற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். ஆறுவது காலைச் சுற்றித்தான் ஆற வேண்டும்.

முதல் தடவையில் 4, 5 மில்லிமீட்டர் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் மூன்று தடவை செய்து, இடது 24.3, வலது 24.5. அகலம் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. நீளம்தான் கஞ்சத்தனம் பண்ணியது, ஏனென்றால் அடிப்பாதம் கனம், சூடு நடுவரை போவதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள், கால் மரத்துப்போகிறவர்கள் தயவுசெய்து இதைக் காலில் போட்டுச் செய்யாதீர்கள். சூடு தெரியாமலே தோல் வெந்து வார்டுக்கு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு வேறு ஒருவர் கால் வேண்டும், இல்லையென்றால் சுருட்டிய துண்டை இறுக்கித் திணிக்கலாம். துண்டு அகலத்தைத் தரும், நீளத்தைத் தராது.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டுக் கடைசியில் அளந்தேன். இடது 24.0, வலது 24.3. அக்டோபரில் மறுபடி வெந்நீர், இரண்டும் 24.4. 2026 பிப்ரவரியில் 24.1, 24.3. மோச்சி சொன்னது இதைத்தான். காற்று போன குமிழிக்குள் நாம் காற்றை அடைக்கவில்லை, சுவரை இழுத்து வைத்திருக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக வாபஸ் வருகிறது. ஆனால் முழுக்க வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கெட் வெந்நீர் என்றால் கட்டுப்படியாகிற விஷயம்தான்.

நான் எதிர்பார்க்காதது நுரையின் கடினம். சுருங்கிய நுரை நெருக்கமான நுரை. கால் அமிழ்கிற அந்தச் சுகம் திரும்பவே இல்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு ஒருநாள் சோதித்துப் பார்த்தேன், எட்டாவது மணியிலேயே குதிகால் கெஞ்சியது. துடைத்த ஈரத்தில் வழுக்கவும் வழுக்கியது, டிரேயோடு போயிருப்பேன், டிராலியைப் பிடித்துத் தப்பித்தேன். அடியில் உள்ள வரிகளும் சுருங்கி ஆழம் குறைந்திருப்பதை அதற்கப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். டெல்லிக் குளிரில் இது மரக்கட்டை, ஜனவரியில் காலையில் மாட்டினால் ஐந்து நிமிடத்துக்கு டக் டக் என்று சத்தம். பின்பட்டி முறுக்கியதை வெந்நீரில் முக்கி நிமிர்த்தினேன், முக்கால்வாசி நிமிர்ந்தது.

ஆகவே செருப்பு நம்பரில் அரை நம்பர் சுருங்கியிருந்தால் முயன்று பாருங்கள். ஒரு நம்பருக்கு மேல் போயிருந்தால் கேஸ் செலவுதான் மிச்சம். சரோஜினி நகரில் முந்நூறு, நானூறுக்குத் தொங்குகிறதே, அதில் ஒன்றைச் சேச்சி வாங்கி இதே வெந்நீரில் சும்மா போட்டுப் பார்த்தார். அது பக்கெட்டிலேயே சுருங்கிக் கோணிக்கொண்டது. எல்லா நுரையும் ஒரே கலவை இல்லை, நல்லதில் கைவைக்கும் முன் பழசு ஏதாவது இருந்தால் அதில் பழகிக்கொள்ளுங்கள்.

பழைய ஜோடியின் பின்பட்டியை இப்போது கத்தரித்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு மோட்டார் போட மாடியில் நடக்க அதுதான். டியூட்டிச் செருப்பு குளியலறைக் கதவுக்குப் பின்னால், வாளியின்மேல் சாய்ந்து நிழலில் காய்கிறது. காய ஒன்றரை நாள் ஆகிறது, சேச்சிக்கு அதில் வருத்தம்.