டொமுஸா, கஸாவா?

லத்தீனில் வீட்டைச் சொல்ல இந்த இரண்டு சொற்களும் உண்டு. கஸா என்றால் குடிசை. ரோமில் பாலத்தீன் குன்றின் மேல் 'ரோமுலஸின் குடிசை' என்று பாதுகாத்து வந்ததும் ஒரு கஸாதான். டொமுஸ் வசதியான தனி வீடு; குடும்பம் என்ற பொருளும் அதற்கு உண்டு.

இலக்கணத்தில் கஸா பரம சாது. லத்தீன் பெயர்ச்சொற்களை வேற்றுமை உருபு ஏற்கும் விதத்தை வைத்து வகை பிரிப்பார்கள்; கஸாவுக்கு முதல் வகை வாய்பாடு தெரிந்தால் போதும். படுத்துவது டொமுஸ்தான். 'உஸ்' என்று முடிவதைப் பார்த்து ஆண்பால் என்று நினைப்போம். ஆனால் அது பெண்பால். அதனால் பெரிய வீடு 'டொமுஸ் மாக்னா', மாக்னுஸ் இல்லை. நான்காம் வகைச் சொல்தான், ஆனாலும் நீங்கல் வேற்றுமையில் ('வீட்டிலிருந்து' என்பது போல) இரண்டாம் வகைக்குத் தாவி 'டொமோ' ஆகிவிடும்.

சரி, அதற்கு ஒரு சலுகையும் உண்டு. 'வீட்டுக்குப் போகிறேன்' என்பதற்கு 'டொமும் எயோ' போதும். கஸாவுக்கோ 'இன் கஸம்' என்று முன்னால் ஒரு 'இன்' வைத்தாக வேண்டும். 'வீட்டில்' என்பதற்கு 'டொமீ' என்ற ஒற்றைச் சொல். ஊர்ப் பெயர்களையும் சில சொற்களையும் விட்டால் இந்த இட வேற்றுமை வேறெங்கும் மிஞ்சவில்லை.

ஆனால் ஆயுள் கெட்டி குடிசைக்குத்தான். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இன்றும் வீடு 'காஸா'. டொமுஸ் இத்தாலியில் 'துவோமோ' என்று பேராலயத்துக்குப் பெயராகிவிட்டது.