848-வது படம்

அக்கா மகள் சென்னையில் விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "மாமா, இந்தத் தடவ சாக்லேட் வேண்டாம், கேமரா" என்று நான் டிக்கெட் போடும் முன்பே சொல்லிவிட்டாள். ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே வாங்கி வந்திருக்கலாம். ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பார்ப்பார்கள் என்று நம்பி எடுத்துவர மனசு வரவில்லை. பெயரே ஊருக்கு ஊர் வேறு: கேனனில் எங்கள் பக்கம் 2000டி, இங்கே 1500டி, அமெரிக்காவில் ரெபல் டி7. மூன்றும் ஒரே கேமராதான். அதனால் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முன் இருந்த ஒரு பகலில், இருவரும் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம்.

என் மனசில் 1500டி முடிவாகியிருந்தது. 24 மெகாபிக்சல், 18-55 லென்ஸ், படிக்கிற பிள்ளைக்கு இது போதாதா?

முதல் கடையில் ஏசி, கண்ணாடி மேஜை, வந்ததும் காபி. பெட்டியில் சீல் பளபளவென்று இருந்தது. கையோடு வாங்கிய புது மெமரி கார்டைப் போட்டு மருமகள் ஒரு படம் எடுத்தாள். திரையில் படத்தின் எண்ணைப் பார்த்தேன். 0848. கேனன் ஒவ்வொரு படத்துக்கும் தொடர்ச்சியாக எண் போட்டுக்கொண்டே போகும், கார்டை மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். புதுக் கேமரா, புதுக் கார்டு என்றால் 0001 வரவேண்டும்.

"அது டெஸ்ட் பண்ண கார்டோட நம்பர் சார்" என்றார் கடைக்காரர். அதுவும் நடக்கக்கூடியதுதான். பழைய படங்கள் உள்ள கார்டு ஒன்றைப் போட்டிருந்தால் அந்த எண்ணிலிருந்தே இதுவும் தொடரும். ஆனால் கார்டு போட்டு டெஸ்ட் செய்த பெட்டிக்கு இவ்வளவு புது சீல் எங்கிருந்து வந்தது? கேட்டதும் அவர் முகம் மாறியது. பில் வேண்டாமென்றால் மூவாயிரம் குறைக்கிறேன் என்றார். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம்.

இரண்டாவது கடை, கடை என்பதைவிட மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அண்ணன். விலை சொல்வதற்கு முன் மருமகளிடம், "என்னம்மா எடுக்கப் போற?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், நான் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை.

"குறும்படம்ணா. செமஸ்டருக்கு ரெண்டு எடுக்கணும்."

"அப்ப 1500டி வேண்டாம். மைக் குத்த ஓட்டையே கிடையாது."

சொன்னதோடு விடாமல் 1500டியையும் கேனனின் இன்னொரு மாடலான 200டி மார்க் 2-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திரையைப் பார்த்து வீடியோ எடுக்கும்போது முதலாவது, முகம் கிடைக்காமல் முன்னும் பின்னும் தடுமாறியது. இரண்டாவது, தெருவில் டீ கிளாஸ் தட்டோடு நடந்துபோன பையனைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது. திரை வெளியே மடங்கித் திரும்புகிறது, மைக் சாக்கெட் இருக்கிறது. உடனே அவரே, "4கேன்னு பெட்டில போட்டிருக்கும், நம்பாதீங்க. ஓரமெல்லாம் வெட்டிடும், இந்த ஃபோகஸும் அதுல வேலை செய்யாது. சாதா ஹெச்டில எடு" என்றார். விற்கிற சரக்கின் குறையை விற்கிறவரே சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

2018-ல் வந்த நிக்கான் டி3500, 2019-ல் வந்த இந்த 200டி மார்க் 2, இப்படித்தான் இந்த வரிசை நிற்கிறது. 2020-க்குப் பிறகு இரண்டு கம்பெனியும் இப்படி உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா புதிதாகக் கொண்டுவரவில்லை, எல்லாம் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டது. "பழசாயிடுமே" என்றேன். "லென்ஸ் தெருவெல்லாம் கிடைக்குது சார், செகண்ட்ல கூட. படிச்சு முடிக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு ரகசிய ஆசை. 2008-ல் ஊரில் விட்டுப்போன என் நிக்கான் 50 எம்எம் 1.8டி லென்ஸை மருமகள் மஞ்சப்பையில் எடுத்து வந்திருந்தாள். ஒரு பழைய நிக்கான் டி5600 கேமராவில் அதை மாட்டச் சொன்னேன். திரையில் எஃப்-இ-இ என்று மூன்று எழுத்து மின்னியது. அண்ணன் லென்ஸில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டினார், எழுத்து போய்விட்டது. பட்டனை அமுக்கினால் ஃபோகஸ் மட்டும் அசையவில்லை. "இந்த லென்ஸத் திருப்ப கேமரா பாடிக்குள்ள மோட்டார் வேணும் சார். இதுல இல்ல, டி3500லயும் இல்ல. டி7200 மாதிரி பெரிசுல இருக்கும்." பிறகு செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். சிலந்தி வலைபோல வெள்ளைப் பூஞ்சை. பதினைந்து வருஷம் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தால் வேறென்ன ஆகும்? கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை தின்றிருந்தால் சுத்தம் செய்தாலும் பலனில்லை, புதுக் கேமரா பையில் மட்டும் இதை வைக்காதீர்கள் என்றார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நான்கு பொட்டலம் சும்மா கொடுத்தார்.

பில்லில் ஜிஎஸ்டி எண், பாடியின் சீரியல் நம்பர் இரண்டும் இருந்தன. கேமராவின் அடியில் உள்ளதோடு ஒத்துப் பார்த்தோம். பையும் ட்ரைபாடும் இலவசம் என்றார். அந்த ட்ரைபாடைத் தொட்டாலே ஆடியது, அதை விட்டுவிட்டு விலையில் குறைத்துக்கொண்டேன்.

பணம் கட்டுவதுதான் கூத்து. என் ஜெர்மன் கார்டுக்கு இரண்டு பர்சென்ட் கூட. எனக்கு யுபிஐ கிடையாது. கடைசியில் அத்தான் போனுக்கு வீடியோ கால் போட்டு க்யூஆர் அட்டையைக் காட்டினோம். திருநெல்வேலியில் அக்கா அந்தத் திரையைத் தன் போனால் ஸ்கேன் செய்தாள். "கைய ஆட்டாதடா, தெரியல!" மூன்றாவது முயற்சியில் ஸ்பீக்கர் பெட்டி பணம் வந்ததாகக் கத்தியது.

கடையிலேயே எடுத்த முதல் படம் 0001, அந்த அண்ணனின் சிரிப்பு. ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். 0143. அதில் பாதி, வாய் திறந்து தூங்கும் நான்.