டாப்பெட் சத்தம்: ஓட்டிப் பார்ப்பதா, திறந்து பார்ப்பதா?

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த பிறகு மேலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், முதலில் அது எந்த வகை டாப்பெட் (கேம் எனும் மேடுள்ள சுழல்தண்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) என்று பாருங்கள். திருகு அல்லது ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) மூலம் இடைவெளி வைக்கும் வகையானால் ஓட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்து சரிசெய்துவிடுங்கள்.

ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே காற்று சிக்கியிருந்தால், 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். செலவில்லை, எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆயில் அளவு சரியாக இருக்க வேண்டும். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஒரே இடத்தில் தட்டினால், திறப்பதே மேல். கேமின் மேடு விலகிய நிலையில் ஒவ்வொரு டாப்பெட்டையும் மரக்குச்சியால் அழுத்துங்கள். மற்றவற்றைவிட எளிதில் அமுங்குவதை மாற்ற வேண்டும். நல்லவை அந்தந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவை தத்தம் கேமோடு சேர்ந்து தேய்ந்தவை. புதியதைப் பொருத்தியதும் அரை மணி நேரம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அவசரப்பட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கக்கூடும்.