சிங்கப்பூரிலிருந்து கியூஓ-100: மேற்கு வானம் திறந்திருந்தால் மட்டும்

கத்தாரின் எஸ்ஹைல்-2 தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளில் இடம்பெற்றுள்ள கியூஓ-100, புவிநிலைச் சுற்றுப்பாதையில் பொழுதுபோக்காக வானொலி அலைவழி உரையாடும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு (ஹாம்களுக்கு) கிடைத்த முதல் டிரான்ஸ்பாண்டர், அதாவது தரையிலிருந்து வரும் அலையை வாங்கி வேறு அலைவெண்ணில் திருப்பி அனுப்பும் கருவி. 2018 நவம்பரில் ஏவப்பட்டு 2019 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்த இச்சேவை, சிங்கப்பூர் ஹாம்களின் செலவுக்கும் உழைப்புக்கும் ஈடாகுமா என்று கேட்டால், மேற்குத் திசை மறைப்பின்றி இருப்பவர்களுக்கு நிச்சயம் ஈடாகும் என்பேன். மற்றவர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் கைகொடுக்காது.

காரணம் எளிது. செயற்கைக்கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில். சென்னையில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் இருக்கும். நமக்கோ நேர் மேற்கே, அடிவானத்துக்கு மேல் மூன்றரை பாகைக்கும் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், நம் டிஷ்ஷின் மட்டத்திலிருந்து 36 மீட்டர் உயரும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக், அரை கிலோமீட்டருக்கு அப்பால் நின்றாலும் அதை மறைத்துவிடும். ஆகவே மேற்கு நோக்கிய உயர்மாடியோ திறந்த கடற்கரையோ கிடைத்த பிறகே பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டிஷ் பொருத்துவதிலும் இந்தத் தாழ்கோணம் சோதிக்கும். கடைகளில் கிடைக்கும் ஆஃப்செட் டிஷ் (அலை குவியும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது), மூன்று பாகையை நோக்கும்போது தரையைப் பார்த்துக் குனிந்து நிற்பதுபோல் தோன்றும். சில தாங்கிகளில் அந்த அளவுக்குச் சாய்க்க இடமே இராது. அப்போது டிஷ்ஷைத் தலைகீழாகப் பொருத்துவதே நல்ல வழி. பார்வை எல்லையின் ஓரத்தில் இருக்கும் நாம் ஒரு மீட்டருக்குக் குறையாத டிஷ்ஷை வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

செய்தி மேலே செல்வது 2400 மெகாஹெர்ட்ஸில், கீழே வருவது 10489.5 மெகாஹெர்ட்ஸ் முதல். தொலைக்காட்சிக்கான சாதாரண எல்.என்.பி. (டிஷ்ஷின் முனையில் அலையைப் பெருக்கி அலைவெண்ணைக் குறைக்கும் கருவி) இதை 739.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித் தருவதால், மலிவான எஸ்.டி.ஆர். (கணினி மென்பொருளால் இயங்கும் வானொலி ரிசீவர்) ஒன்றே கேட்பதற்குப் போதும். ஆனால் நம் ஊர் வெயிலில் எல்.என்.பி. சூடாகும்போது அதன் அலைவெண் நகர்ந்துகொண்டே போகும். செயற்கைக்கோளின் பீக்கனை (ஒரே அலைவெண்ணில் தொடர்ந்து வரும் அடையாள அலையை) பற்றிக்கொண்டு தானே திருத்திக்கொள்ளும் மென்பொருள் இல்லாமல் எஸ்.எஸ்.பி. (குறுகிய அலைப்பட்டையில் குரலை அனுப்பும் முறை) உரையாடலைத் தொடர்வது சிரமம்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் வரும் சுமத்ரா புயற்காற்று, நம் டிஷ் பார்க்கும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. தாழ்கோணத்தில் அலை மழைக்குள் நெடுந்தூரம் பயணிப்பதால், இங்கே ஒரு துளி விழும் முன்பே 10 கிகாஹெர்ட்ஸ் ஒலி தேயத் தொடங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலிணைப்புக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. எனவே நமக்குப் பிறர் குரல் கேட்காத நேரத்திலும் நம் குரல் அவர்களைச் சென்றடையக்கூடும். இதை நினைவில் வைத்து, இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் இயங்கும் இணையவழி ரிசீவரைக் கூடவே திறந்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

சேவையின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை. தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களைப்போல் சில நிமிடங்களில் மறைந்துவிடாமல், இது நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்கிறது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, பிரேசிலின் கிழக்குப் பகுதி, அண்டார்டிக்காவில் உள்ள ஜெர்மனியின் நொய்மயர் ஆய்வு நிலையம் வரை அனைத்தும் ஒரே அலைத்தொகுப்பில் கேட்கின்றன. பேசி முடித்த சொல் கால் நொடிக்குச் சற்று மேலான தாமதத்துடன் நம் காதுக்கே திரும்பி வரும்போது, அது 82,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்திருக்கிறது என்பதை எண்ணி இன்றும் வியக்கிறேன். ஒழுங்கும் நன்றாகக் காக்கப்படுகிறது. பீக்கனைவிட வலுவாக யாராவது அனுப்பினால், லெய்லா என்னும் கண்காணிப்பு அமைப்பு அந்த ஒலியின் மீதே சைரனைச் செலுத்தி எச்சரிக்கும். எஃப்.எம். கூடாது, சில வாட் திறனே போதும்.

தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிம நிபந்தனைகளையும், டிஷ் வைப்பதற்கான வீவக, நகர மன்ற விதிகளையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கேபிளும் இணைப்பிகளும் சிம் லிம் டவரில் கிடைக்கும். முதலில் ரிசீவர் பக்கத்தை மட்டும் அமைத்து, பீக்கன் தெளிவாகக் கேட்ட பிறகே டிரான்ஸ்மிட்டருக்குச் செலவிடுங்கள்.