ஹைபிரிடா, பிளக்-இன்னா, முழு மின்சாரமா: எந்த எஸ்யூவி யாருக்கு?

ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? எரிபொருள் மிச்சம் பிடிக்க எஸ்யூவி தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். சார்ஜர் எட்டுகிற இடத்தில் நின்றால் ஒரு கணக்கு, தெருவோரம் நின்றால் வேறு கணக்கு. மைலேஜ் அட்டவணையெல்லாம் அப்புறம்.

தெருவோரம் என்றால் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த சாதாரண ஹைபிரிட்தான். பிளக் தேவையே இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கிச் சின்ன பேட்டரியில் சேர்த்துவைக்கும். சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும். நெரிசலில்தான் இதன் திறமையே. 2019இல் வந்த தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைபிரிட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இபிஏ) கணக்கில் நகரத்துக்குள் லிட்டருக்கு 17.4 கி.மீ., நெடுஞ்சாலையில் 16.2 கி.மீ. வெறும் பெட்ரோல் வண்டியில் இது தலைகீழாக இருக்கும். ஆகவே எப்போதும் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு ஹைபிரிடுக்குக் கொடுத்த கூடுதல் பணம் திரும்ப வர ரொம்ப நாளாகும்.

அடுத்தது பிளக்-இன் ஹைபிரிட்: அதே இரட்டை ஏற்பாடு, ஆனால் பேட்டரி பெரிது, வெளியிலிருந்து சார்ஜும் போடலாம். விற்பனையாளர்கள் 'ரெண்டும் ஒண்ணுல' என்று தள்ளிவிடுவது இதைத்தான். நான் அதிகம் சந்தேகப்படுவதும் இதைத்தான். அதே ராவ்4இன் பிளக்-இன் வகையில் 18.1 யூனிட் பேட்டரி. இபிஏ கணக்கில் சுமார் 68 கி.மீ. மின்சாரத்திலேயே போகலாம். வேலைக்குப் போய்வருவது அதற்குள் அடங்கி, தினமும் சார்ஜும் போட்டால் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். போடாவிட்டால்? சாதாரண ஹைபிரிடைவிட 200 கிலோவுக்கும் மேல் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு, அதைவிடக் கொஞ்சம் குறைவான மைலேஜே தரும். இது வெறும் ஊகமில்லை. 2024இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கைப்படி, சாலையில் ஓடும் பிளக்-இன் கார்களின் கார்பன் உமிழ்வு ஆய்வக அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. கேபிளை டிக்கியிலேயே போட்டுவைத்தால் வேறென்ன ஆகும்!

முழு மின்சார வண்டியின் சிக்கனத்துக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்க முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 100 கி.மீ. ஓட மின்சார எஸ்யூவிக்குத் தோராயமாக 18 யூனிட் போதும், அதாவது இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். நல்ல ஹைபிரிடுக்கே ஆறு லிட்டர் வேண்டும். (மின்நிலையத்தில் ஆகும் இழப்பு தனிக்கணக்கு; நிலக்கரி மின்சாரமானால் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கும்.)

தொல்லை வேகத்தில் வரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவதால், மணிக்கு 90 கி.மீ.இல் போவதை விட 110இல் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எஸ்யூவி உயரமாக வேறு இருக்கிறது. நெடுஞ்சாலையில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், சரிவது இதனால்தான். கடுங்குளிரில் இன்னும் சரியும். குறைந்த மின்சாரத்தில் வண்டிக்குள் சூடேற்றும் ஹீட் பம்ப் இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

சார்ஜ் நேரத்தைப் பற்றிய பயம் பாதிக்கு மேல் வீண். ஹூண்டாய் ஐயோனிக் 5இன் 800 வோல்ட் அமைப்பு, 350 கிலோவாட் சார்ஜரில் 10இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடத்தில் ஏறும் என்கிறது நிறுவனம். ஆனால் உங்கள் வழியில் இருப்பது 50 கிலோவாட் சார்ஜர் என்றால் அந்த 18 நிமிடத்தை மறந்துவிடுங்கள். வாங்கும்முன் வழியில் இருக்கிற சார்ஜரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஆக, வீட்டில் சார்ஜர் உண்டு, நீண்ட பயணம் எப்போதாவதுதான் என்றால் முழு மின்சாரம். சார்ஜருக்கு வழியில்லை, நகர ஓட்டம் என்றால் சாதாரண ஹைபிரிட். வீட்டில் சார்ஜர் இருந்தும், போகிற வழியில் வேக சார்ஜரே இல்லாத நீண்ட பயணம் அடிக்கடி வருகிறவருக்கு மட்டும் பிளக்-இன்.