காலி சிடி டப்பாவின் மேல் அச்சிட்ட பெயரை நம்பி வாங்காதீர்கள்

கணினியில் இருக்கும் பாட்டுகளை வீட்டிலேயே ஆடியோ சிடியாக எழுதுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நான் வாங்கிய 50 காலி சிடி டப்பா முழுக்கப் போலி. பெயர்பெற்ற கம்பெனியின் லோகோ, உறை, பார்கோடு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கொடுத்த விலையும் அசல் விலைதான்.

தாத்தா நாகஸ்வரக்காரர். கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்த கேசட்டுகளை அப்பா வேவ் (WAV) ஒலிக் கோப்புகளாக மாற்றி வைத்திருந்தார். பெரியப்பா, அத்தைகள் வீட்டில் இன்னும் பழைய சிடி பிளேயர்தான். பென் டிரைவுக்கு வழியில்லை. 60 நிமிடக் கேசட் ஒன்று 80 நிமிட சிடியில் தாராளமாக அடங்கும். ஆலாபனை நடுவில் இரண்டு நொடி மௌனம் விழாதபடி முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதும் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையில், வேகத்தை 16 எக்ஸுக்குக் குறைத்து எழுதி, பொங்கலுக்கு எல்லோருக்கும் கொடுத்தேன்.

சித்திரை முடிவதற்குள் பெரியப்பாவிடமிருந்து போன். “தோடி நல்லாத்தாம்ப்பா வருது. கடைசியில தவில் தனி வருதே, அங்க டிக் டிக்குனு அடிச்சு நின்னு போயிடுது.” அத்தைகள் வீட்டிலும் இதே கதை. எல்லா சிடியிலும் கடைசிப் பகுதியில்தான் கோளாறு.

காரணம் இதுதான். சிடி உள் வட்டத்திலிருந்து வெளி விளிம்பு நோக்கி எழுதப்படுகிறது. மட்டமான டிஸ்க்கில், பதிவு விழும் சாயப் பூச்சு விளிம்பருகே சீராக இருக்காது. கெடுவதும் அங்கேதான் தொடங்கும். இதில் இன்னொரு ஆபத்து உண்டு. டேட்டா சிடியில் 2352 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2048 பைட்தான் தகவல், மீதியில் பெரும்பங்கு கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. ஆடியோ சிடியில் அந்த 2352-ம் ஒலிக்கே போய்விடுகிறது. அடிப்படைப் பிழைதிருத்தம் கைவிட்டால், படிக்க முடியாத இடத்தைப் பிளேயர் ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அதனால் காதுக்கு ஒழுங்காகக் கேட்கிறது என்பதாலேயே டிஸ்க் நன்றாக இருப்பதாக அர்த்தமில்லை. நாம் ‘டிக்’ சத்தம் கேட்கும் நேரத்தில் நிலைமை முற்றியிருக்கும்.

டப்பாவோடு கடைக்குப் போனேன். “உங்க ரைட்டர் பழசு சார்” என்றார் கடைக்காரர். நண்பரின் புது ரைட்டரில் எழுதியதும் இப்படித்தான் ஆனது என்றேன். “அப்போ எம்பி3ய கன்வர்ட் பண்ணியிருப்பீங்க.” அந்த வாதத்துக்கு இடமே இல்லை; மூலக் கோப்பின் தரம் ஒலியைப் பாதிக்குமே தவிர, டிஸ்க்கைப் படிக்க முடியாமல் செய்யாது. கடைசியில் “பில் இருக்கா?” என்றார். வாங்கும்போது பில் கேட்டதற்கு அவர் கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு. அதை நீட்டியதும், இது பில்லே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வயிறு எரிந்தது.

டிஸ்க்கின் நடு வளையத்தில் இருந்த எண்ணைப் படமெடுத்து அசல் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த எண் வரிசை தங்களுடையதே அல்ல என்று பதில் வந்தது. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அந்தப் பதிலையும் எஸ்டிமேட் சீட்டையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

வாங்கியவுடன் ஒரு காலி டிஸ்க்கை ரைட்டரில் போட்டு, இம்க்பர்ன் (ImgBurn) போன்ற மென்பொருளில் டிஸ்க் விவரத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறியீடு ஒன்று ‘97m’ என்று தொடங்கும். பல கம்பெனிகள் வேறு ஆலையில் செய்து வாங்குவதால் குறியீடு மாறியிருப்பது மட்டும் மோசடி ஆகாது, குறியீட்டையே திருடுபவர்களும் உண்டு. ஆனாலும் ஒரே டப்பாவில் மேலே ஒரு குறியீடு, அடியில் வேறு குறியீடு என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். என் டப்பா அப்படித்தான் இருந்தது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் லேபிள் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அந்தப் பூச்சு சரியில்லையென்றால் டிஸ்க்கே போயிற்று. தரத்துக்குப் பேர்போன ஜப்பானின் தாயோ யூடென் 2015-இல் இந்தத் தயாரிப்பையே விட்டுவிட்டது. நல்ல சரக்கு குறையக் குறையப் போலிக்கு இடம் கூடுகிறது.

முதலில் ஒரே ஒரு டிஸ்க்கை விளிம்பு வரை நிறைத்து எழுதி, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி (Exact Audio Copy) என்ற மென்பொருளில் திரும்பக் கணினிக்கு எடுத்துப் பாருங்கள். எந்த நொடியில் படிக்கத் திணறுகிறது என்று அது காட்டிவிடும். ஏற்கெனவே சந்தேகமான டிஸ்க்குகளில் எழுதி, மூலக் கோப்பையும் அழித்துவிட்டவர்கள் இந்த வாரமே அவற்றை வேவ் கோப்பாகத் திரும்ப எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காவிட்டால் வேறு டிரைவில் போடுங்கள். பழைய டிரைவ் சில நேரம் படித்துவிடுகிறது.